மங்கலாக வந்த இதய ஸ்கேன்: அப்பாவுக்கு மறுபடியும் எடுக்கலாமா?

கேள்வி: டாக்டருக்கு வணக்கம். நாங்கள் புது வண்ணாரப்பேட்டையில் இருக்கிறோம். அப்பாவுக்கு 58 வயது, காசிமேட்டில் விசைப்படகு இன்ஜின் மெக்கானிக். சிகரெட்டை விட்டு ஆறு வருடம் ஆகிறது. இரண்டு மாதமாக மாடிப்படி ஏறினால் நெஞ்சை இறுக்குகிறது என்கிறார், உட்கார்ந்தால் சரியாகிவிடுகிறது. டிரெட்மில் பரிசோதனையில் தெளிவாகத் தெரியவில்லை என்று சி.டி. ஆஞ்சியோ எடுக்கச் சொன்னார்கள். ‘கதிர்வீச்சு மிகக் குறைவு’ என்று விளம்பரம் செய்த ஒரு மையத்தில் மூன்று வாரம் முன்பு எடுத்தோம். கால்சியம் ஸ்கோர் 210, இடது பக்கக் குழாய்களில் பெரிய அடைப்பு இல்லை, வலது குழாயின் நடுப்பகுதி அசைவினால் மங்கியிருப்பதால் மதிப்பிட இயலவில்லை என்று ரிப்போர்ட் வந்தது. மறுபடி சி.டி. எடுங்கள், இல்லாவிட்டால் நேரடியாக ஆஞ்சியோகிராம் செய்துவிடலாம் என்கிறார் கார்டியாலஜிஸ்ட். ஒரு சி.டி. ஐந்நூறு எக்ஸ்ரேவுக்குச் சமம் என்று பக்கத்து வீட்டு அண்ணன் சொன்னதிலிருந்து அப்பா எதற்கும் வரமாட்டேன் என்கிறார். கதிர்வீச்சைக் குறைத்ததால்தான் படம் கெட்டதா? மறுபடி எடுத்தால் ஆபத்தா? ஸ்கேனின்போது ஈய அங்கிகூடப் போடவில்லையே, அது சரியா? இன்னொன்று: எனக்கு 34 வயது, ஒரு தொந்தரவும் இல்லை. அப்பாவோடு வந்தால் எனக்கும் பாதி விலையில் இதய ஸ்கேன் எடுத்துத் தருவதாக வேறொரு மையத்தில் சொல்கிறார்கள். எடுத்துக்கொள்ளலாமா? ரிப்போர்ட்டை முழுவதுமாக இணைத்திருக்கிறேன்.

ஒரு வாசகி, புது வண்ணாரப்பேட்டை

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

ஸ்கேனைப் பற்றிப் பேசுவதற்கு முன் ஒன்றைச் சொல்லிவிடுகிறேன். அப்பாவுக்கு இப்போது படி ஏறினால்தான் இறுக்கம் வருகிறது, உட்கார்ந்தால் போய்விடுகிறது. இது மாறி, சும்மா இருக்கும்போதே வலி வந்தாலோ, பத்து நிமிடத்துக்கு மேல் நீடித்தாலோ, வியர்வையோடு வந்தாலோ, ஸ்கேன் தேதிக்குக் காத்திருக்காதீர்கள். 108க்கு அழையுங்கள், அல்லது நேராக ஸ்டான்லி மருத்துவமனையின் அவசரப் பிரிவுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். உங்கள் வீட்டிலிருந்து அது பக்கம்தான். நடுராத்திரி என்றாலும் தயங்க வேண்டாம்.

இப்போது ரிப்போர்ட்டுக்கு வருகிறேன். நீங்கள் முழுவதுமாக அனுப்பியது ரொம்ப உதவியாக இருந்தது. பலர் கடைசிப் பக்கத்தை வெறும் எண்கள் என்று நினைத்து வைத்துக்கொள்வதே இல்லை. உங்கள் கேள்விகளுக்குப் பாதிப் பதில் அந்தப் பக்கத்தில்தான் இருக்கிறது. அதில் டி.எல்.பி. என்று ஒரு வரி இருக்கும், பாருங்கள். கால்சியம் ஸ்கோருக்கு, அதாவது குழாய்ச் சுவரில் படிந்த சுண்ணாம்பை அளக்கும் ஸ்கேனுக்கு 52, ஆஞ்சியோவுக்கு 118, ஆக மொத்தம் 170. நோயாளி மீது மெஷின் எவ்வளவு கதிரைச் செலுத்தியது, எவ்வளவு நீளத்துக்குச் செலுத்தியது என்ற இரண்டையும் பெருக்கி வருகிற எண் அது. அதே பக்கத்தில் ஸ்கேன் நேரத்து இதயத்துடிப்பும் இருக்கிறது: நிமிடத்துக்கு 78 முதல் 84 வரை. படம் மங்கியதன் காரணம் இந்த இரண்டாவது எண்ணில் இருக்கிறது.

கொஞ்சம் விளக்கமாகச் சொல்கிறேன், அப்பாவுக்கும் படித்துக் காட்டுங்கள். அவருக்கு இது எளிதில் பிடிபடும்.

காசிமேட்டில் விடிவதற்கு முன்பே ஏலம் தொடங்கிவிடும். மீன் புதுசா பழசா என்று பார்க்கிறவர்கள் செவுளைத் தூக்கிப் பார்ப்பார்கள். வெளிச்சம் போதவில்லை என்றால் செவுள் சிவப்பா பழுப்பா என்று தெரியாது. ஒரு டார்ச்சை அடித்தால் தெரிந்துவிடும். அதற்கு மேல் பத்து விளக்கு போட்டாலும் செவுள் இன்னும் சிவப்பாகிவிடாது. சி.டி.யில் கதிர்வீச்சு என்பது அந்த வெளிச்சம். குறைவாக இருந்தால் படம் முழுவதும் மணல் தூவினாற்போல் புள்ளி புள்ளியாக வரும். கதிரைப் பாதியாகக் குறைத்தால் இந்தப் புள்ளித்தன்மை சுமார் 40 சதவீதம் கூடும். இதயத்தின் ரத்தக்குழாய் தொடக்கத்திலேயே 3, 4 மில்லிமீட்டர் அகலம்தான், போகப் போக இன்னும் ஒல்லியாகும். அவ்வளவு சின்ன குழாய்க்குள் படிந்திருப்பது கொழுப்பா, வெறும் புள்ளியா என்று பிரித்துப் பார்க்க ஓரளவு வெளிச்சம் இருந்தே ஆக வேண்டும்.

ஆனால் மீன் துள்ளிக்கொண்டிருந்தால்? எத்தனை விளக்கு போட்டாலும் செவுள் கண்ணில் நிற்காது. உங்கள் அப்பாவின் படத்தில் நடந்தது இதுதான். ரிப்போர்ட் எழுதியவர் ‘அசைவினால்’ என்று சரியாகவே குறிப்பிட்டிருக்கிறார். வலது குழாயின் நடுப்பகுதியை அவர் சொல்வதிலும் வியப்பில்லை. இதயத்தின் ரத்தக்குழாய்களிலேயே அதிக வேகமாக அசைவது அந்த இடம்தான். அவசரமாக எடுத்த ஸ்கேன்களில் முதலில் கெடுவதும் அதுவே.

நிமிடத்துக்கு 60 துடிப்பு என்றால் ஒரு துடிப்புக்கு ஒரு விநாடி கிடைக்கும். அந்த ஒரு விநாடியில் இதயம் சுருங்கி, விரிந்து, அடுத்த சுருக்கத்துக்கு முன் கொஞ்ச நேரம் கிட்டத்தட்ட அசையாமல் இருக்கும். மெஷினுக்கு அந்த இடைவெளிதான் தேவை. இப்போதுள்ள பல மெஷின்கள் ஒரு சுற்றை 0.3 விநாடி அளவில் முடிக்கின்றன; ஒரு படத்துக்கு அரைச் சுற்று, அதாவது 0.15 விநாடி தேவை. 60 துடிப்பில் அது தாராளமாக உள்ளே அடங்கும். துடிப்பு 80 ஆனால் ஒரு துடிப்புக்கு 0.75 விநாடிதான். அப்போது சுருங்கும் நேரம் அவ்வளவாகக் குறையாது, ஓய்வு நேரம்தான் வெகுவாகக் குறைந்துபோகும். அந்தச் சின்ன ஓய்வுக்குள் 0.15 விநாடியை நுழைப்பது கடினம்.

கதிர்வீச்சைக் குறைத்ததால்தான் படம் கெட்டதா என்று கேட்டிருந்தீர்கள். நேரடியாகச் சொன்னால் இல்லை. இடது பக்கக் குழாய்கள் தெளிவாக வந்திருக்கின்றனவே, வெளிச்சம் போதாமல் இருந்திருந்தால் அவையும் கெட்டிருக்கும். ஆனாலும் அந்த மையத்தின் மேல் தவறே இல்லை என்று என்னால் சொல்ல முடியவில்லை. துடிப்பின் எந்தக் கட்டத்தில் கதிரைத் திறப்பது, எவ்வளவு நேரம் திறந்து வைப்பது என்பதை ஸ்கேன் செய்கிறவர்கள் முடிவு செய்கிறார்கள். இ.சி.ஜி.யைப் பார்த்து ஓய்வுக் கட்டத்தில் மட்டும் திறந்து மூடினால் டோஸ் மிகவும் குறைவு. துடிப்பு முழுவதும் திறந்து வைத்துவிட்டு அப்புறம் நல்ல கட்டத்தைத் தேர்ந்தெடுத்துக்கொள்வது பழைய முறை. அதோடு ஒப்பிட்டால் முதல் முறையில் டோஸ் சுமார் மூன்றில் ஒரு பங்காகிவிடும். 118 என்ற எண்ணைப் பார்த்தால் உங்கள் அப்பாவுக்கு மிகக் குறுகலாகத் திறந்திருக்கிறார்கள் என்று தெரிகிறது. துடிப்பு 60 ஆக இருந்திருந்தால் அது அருமையான முடிவு. 80 துடிப்பில் அப்படித் திறந்தால் வேறு கட்டத்தைத் தேடிப் பார்க்க இடமே இருக்காது. ஒன்று, முதலில் துடிப்பைக் குறைத்திருக்க வேண்டும். முடியவில்லை என்றால் கொஞ்சம் அகலமாகத் திறந்திருக்க வேண்டும். இரண்டையும் செய்யாததால் கதிரும் போனது, பதிலும் கிடைக்கவில்லை.

இதை நான் கோபமாகச் சொல்லக் காரணம் இருக்கிறது. பல வருடங்களுக்கு முன் நான் வேலை பார்த்த ஒரு மையத்துக்குப் புது மெஷின் வந்தது. ஒரு மில்லிசீவர்ட்டுக்குள் (உடம்பு வாங்கும் கதிரை அளக்கும் அலகு அது) இதய ஸ்கேனை முடித்துவிட முடிகிறதே என்று எங்களுக்கெல்லாம் ஒரே பெருமை. மீன் வியாபாரம் செய்கிற ஒரு அக்கா வந்தார், நல்ல பருமனான உடம்பு. ஒல்லியானவர்களுக்கு வைக்கிற குறைந்த அளவையே அவருக்கும் வைக்க நான் ஒப்புக்கொண்டேன். படம் முழுவதும் மணல். கடைசியில் ‘உறுதியாகச் சொல்ல இயலவில்லை’ என்று எழுதிக் கையெழுத்துப் போட்டேன். அந்த ஒரு வரியால் அவர் கை ரத்தக்குழாய் வழியாகக் குழாய் செலுத்திப் பார்க்கும் நேரடி ஆஞ்சியோகிராமுக்குப் போனார். குழாய்கள் எல்லாம் நன்றாக இருந்தன. நான் மிச்சப்படுத்திய கதிரைவிடப் பல மடங்கு கதிர் அதில் போனது. பணம் போனது, நான்கு நாள் வியாபாரம் போனது, அதற்கெல்லாம் மேல் அந்தக் குடும்பமே பயத்தில் இருந்தது. அன்றிலிருந்து டோஸ் எண்ணைத் தனியாகப் பார்ப்பதை விட்டுவிட்டேன். கேட்ட கேள்விக்குப் படம் பதில் சொல்லியதா என்பதையும் சேர்த்துத்தான் பார்ப்பேன்.

சரி, பக்கத்து வீட்டு அண்ணனின் ஐந்நூறு எக்ஸ்ரே கணக்குக்கு வருவோம். அவர் பொய் சொல்லவில்லை. நெஞ்சு எக்ஸ்ரே ஒன்றுக்குச் சுமார் 0.02 மில்லிசீவர்ட். ஐந்நூறு என்றால் 10 மில்லிசீவர்ட். ஒரு காலத்தில் இதய சி.டி.க்கு அதைவிடக் கூடவே ஆனது. 2007இல் பல நாட்டு மருத்துவமனைகளில் கணக்கெடுத்தபோது ஒரு ஸ்கேனின் இடைநிலை டி.எல்.பி. 885 இருந்தது, அதாவது சுமார் 12 மில்லிசீவர்ட். 2017இல் 32 நாடுகளில் மறுபடி கணக்கெடுத்தபோது அது 195 ஆகியிருந்தது. பத்தே வருடத்தில் ஐந்தில் ஒரு பங்குக்குப் பக்கமாக வந்துவிட்டது. அண்ணன் சொல்வது அந்தப் பழைய கணக்கு.

உங்கள் அப்பாவின் கணக்கை நீங்களே போட்டுப் பார்க்கலாம். டி.எல்.பி.யை 0.014 ஆல் பெருக்குங்கள். 170ஐப் பெருக்கினால் 2.4 மில்லிசீவர்ட் வரும், சுமார் 120 எக்ஸ்ரே. மண், காற்று, சாப்பாடு, வானம் என்று எல்லா வழியிலும் ஒரு மனிதருக்கு ஆண்டுதோறும் இயற்கையாகக் கிடைப்பதன் உலக சராசரியும் 2.4 மில்லிசீவர்ட்தான். நம் கன்னியாகுமரி மாவட்டத்து மணவாளக்குறிச்சிக் கடற்கரையில் தோரியம் கலந்த மணல் இருப்பதால் அங்கே குடியிருப்பவர்களுக்கு இதைவிட அதிகமாகவே கிடைக்கிறது.

இங்கே ஒரு எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். அந்த 0.014 பொதுவாக நெஞ்சுப் பகுதிக்கு வைத்த எண். இதய ஸ்கேனுக்கென்று தனியாகக் கணக்கிட்டுப் பார்த்த பிந்தைய ஆய்வு 0.026 என்கிறது. அப்படிப் பார்த்தால் அதே 170க்கு 4.4 மில்லிசீவர்ட் வரும். ஆக, ஒரு மையம் ‘இரண்டு’ என்றும் இன்னொரு மையம் ‘நான்கு’ என்றும் சொன்னால், இரண்டும் ஒரே அளவு கதிராக இருக்கலாம். விளம்பரத்தில் மில்லிசீவர்ட்டைப் பார்த்து மையத்தைத் தேர்ந்தெடுக்காதீர்கள். ஒப்பிடத்தான் வேண்டும் என்றால் டி.எல்.பி.யை ஒப்பிடுங்கள். அணுசக்தி ஒழுங்குமுறை வாரியத்தின் உரிமம் இருக்கிறதா என்று கேளுங்கள். அதைவிட முக்கியமாக, ‘துடிப்பு குறையவில்லை என்றால் என்ன செய்வீர்கள்’ என்று கேளுங்கள். அதற்கு வருகிற பதிலிலேயே அவர்கள் வேலை தெரிந்தவர்களா என்று தெரிந்துவிடும்.

மறுபடி எடுத்தால் ஆபத்தா? நல்லபடியாக எடுத்தால் டி.எல்.பி. 120 முதல் 200க்குள் முடிந்துவிடும். துடிப்பு அடங்காமல் அகலமாகத் திறக்க வேண்டிவந்து 300 ஆனாலும்கூட, முதல் ஸ்கேனையும் சேர்த்து மொத்தம் 470, 0.014 கணக்கில் 6.6 மில்லிசீவர்ட். 2007இல் ஒரே ஒரு ஸ்கேனுக்கு ஆனதில் கிட்டத்தட்ட பாதி. கதிர்வீச்சுப் பாதுகாப்புக்கான சர்வதேச ஆணையம் வைத்திருக்கும் கணக்குப்படி, இந்த அளவால் பின்னாளில் உயிர்க்கொல்லிப் புற்றுநோய் வரக்கூடிய கூடுதல் வாய்ப்பு ஏறக்குறைய 3,000இல் ஒன்று. அதுவும் எல்லா வயதினரையும் சேர்த்த சராசரி. அந்த விளைவு தலைகாட்டப் பல வருடங்கள் ஆகும் என்பதால் 58 வயதில் இன்னும் குறைவு. கதிரே படாதவர்களையும் சேர்த்து, இந்தியாவில் ஒன்பது பேரில் ஒருவருக்கு வாழ்நாளில் ஏதோ ஒரு புற்றுநோய் வரலாம் என்று நம் புற்றுநோய்ப் பதிவேடுகள் கணக்கிட்டிருக்கின்றன. அதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

இன்னொரு பக்கம், படி ஏறினால் நெஞ்சை இறுக்குகிற 58 வயது மனிதரின் வலது குழாயில் என்ன இருக்கிறது என்று தெரியாமல் விடுவது. அதுதான் எனக்குக் கவலையாக இருக்கிறது. ஸ்காட்லாந்தில் இப்படி நெஞ்சு வலியோடு வந்த 4,146 பேரை ஐந்து வருடம் தொடர்ந்து பார்த்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 3.9 சதவீதம் பேர் மாரடைப்புக்கோ இதய நோய் மரணத்துக்கோ ஆளானார்கள், கூடவே சி.டி. எடுத்து அதன்படி மருந்து பெற்றவர்களில் 2.3 சதவீதம். அந்த வித்தியாசத்தைக் கொடுத்தது ஸ்கேன் இல்லை, ஸ்கேனைப் பார்த்து சரியான ஆட்களுக்குச் சரியான மருந்தைத் தொடங்கியதுதான்.

இதைச் சொல்லும்போது உங்கள் ரிப்போர்ட்டின் 210ஐத் தாண்டிப் போக முடியவில்லை. நீங்கள் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை, ஆனால் கையில் ஏற்கெனவே இருக்கிற பதில் அதுதான். 100க்கு மேல் கால்சியம் ஸ்கோர் இருந்தால் குழாய்ச் சுவரில் கொழுப்புப் படிவு உறுதி என்று அர்த்தம். அடைப்பு எவ்வளவு என்பது இரண்டாவது ஸ்கேனில் தெரியட்டும். கொழுப்பைக் குறைக்கும் மாத்திரையை அதற்குக் காத்திருக்காமல் இப்போதே தொடங்கலாமா என்று கார்டியாலஜிஸ்ட்டிடம் இந்த வாரமே கேளுங்கள்.

நேரடி ஆஞ்சியோகிராமும் தவறான வழி இல்லை. ஆனால் கதிருக்குப் பயந்து அதற்குப் போகாதீர்கள், அதுவும் எக்ஸ்ரேதான், டோஸும் குறைவில்லை, மணிக்கட்டு ரத்தக்குழாயில் குழாய் வேறு செலுத்த வேண்டும். அதன் நன்மை, அடைப்பு இருந்தால் அதே மேசையில் ஸ்டென்ட் வைத்துவிடலாம். இறுக்கம் அடிக்கடி வரத் தொடங்கினால் நான் அந்தப் பக்கம்தான் சாய்வேன். இப்போதைய நிலையில், இடது பக்கம் நன்றாக இருக்கும்போது, சி.டி.யை ஒழுங்காக ஒருமுறை எடுத்துப் பார்ப்பது நியாயமாகப் படுகிறது. நேரில் பரிசோதித்தவர் அவர் என்பதால் முடிவு கார்டியாலஜிஸ்ட்டுடையது.

எடுக்கப் போகிறீர்கள் என்றால், போகும் இடத்தில் முதல் ஸ்கேனின் படங்கள் பதிந்த வட்டைக் கொடுத்து, ‘கால்சியம் ஸ்கோர் மறுபடி வேண்டாம், அது இருக்கிறது’ என்று சொல்லுங்கள். பழக்கத்தில் அதையும் சேர்த்து எடுத்துவிடுவார்கள். பழைய படத்தைப் பார்த்தால் இதயம் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்று தெரியும், அதற்கு மேலும் கீழும் வீணாக எடுக்க வேண்டியிருக்காது. அப்பா மெலிந்த உடம்பா, நடுத்தரமா என்று நீங்கள் எழுதவில்லை. பருமன் இல்லை என்றால் மெஷினின் மின்னழுத்தத்தை 120 கிலோவோல்ட்டுக்குப் பதில் 100இல் வைத்து எடுக்கலாம். டோஸ் சுமார் 30 சதவீதம் குறையும். குழாய்கள் படத்தில் தெரிவதற்காக ஊசியில் செலுத்தும் அயோடின் மருந்து அந்த மின்னழுத்தத்தில் இன்னும் பளிச்சென்று தெரிவதால் படமும் கெடாது. டோஸைக் குறைத்தும் தெளிவை இழக்காத சில வழிகளில் இது ஒன்று.

எல்லாவற்றையும்விடப் பெரிய விஷயம் துடிப்பு. 60ஐ ஒட்டி வந்துவிட்டால் குறைந்த டோஸும் தெளிவான படமும் ஒன்றாகக் கிடைக்கும். இதற்கு மெட்டோபிரலால் போன்ற மாத்திரையை ஸ்கேனுக்கு ஒரு மணி நேரம் முன்பு கொடுப்பது வழக்கம். முதல் முறை கொடுத்தார்களா என்று ரிப்போர்ட்டில் இல்லை. அப்பாவுக்கு வீசிங் இருந்தால், எப்போதாவது இன்ஹேலர் பயன்படுத்தியிருந்தால், அதைக் கட்டாயம் சொல்லிவிடுங்கள். ஆலைகள் நிறைந்த எண்ணூர், மணலி, திருவொற்றியூர்ப் பக்கமிருந்து வருகிற எல்லோரிடமும் நான் இதை இரண்டு முறை கேட்பேன். மூச்சுத்திணறல் உள்ளவர்களுக்கு அந்த மாத்திரை ஆகாது. ஐவாப்ரடின் என்ற வேறு மருந்து இருக்கிறது. இவற்றை நீங்களாகக் கடையில் வாங்கிக் கொடுக்க வேண்டாம். ஏற்கெனவே சாப்பிடும் பி.பி. மாத்திரையை அன்று காலையில் டாக்டர் சொல்லாமல் நிறுத்தவும் வேண்டாம்.

அன்று காலை டீ, காபி வேண்டாம். முந்தைய நாள் ராத்திரி முழுக்கக் கண்விழித்து இன்ஜின் வேலை பார்த்துவிட்டு நேராக வந்து படுத்தால் துடிப்பு அடங்காது, அதனால் வேலைக்கு ஒரு நாள் விடுப்பு சொல்லட்டும். வெயிலில் பஸ் மாறி மாடி ஏறி மூச்சு வாங்க வராமல், ஆட்டோவில் ஒரு மணி நேரம் முன்பே வந்து உட்காரட்டும்.

மூச்சுப் பயிற்சியை இன்றைக்கே வீட்டில் தொடங்கலாம். ஸ்கேனின்போது பத்து விநாடி அளவுக்கு மூச்சை அடக்க வேண்டும். ‘மூச்ச புடிச்சிக்கோன்னாங்க டாக்டர், எவ்ளோ நேரம்னு சொல்லல, நடுவுல விட்டுட்டேன்’ என்று என்னிடம் சொன்னவர்கள் நிறைய பேர். முழு மூச்சாக மார்பைப் புடைத்து இழுக்க வேண்டாம், சாதாரணமாக இழுத்து, ஒன்று முதல் பத்து வரை நிதானமாக எண்ணி, அப்புறம் விடட்டும். தினம் ஐந்தாறு தடவை.

அடுத்தது, பலர் நோயாளியிடம் சொல்லாமல் விடுவது. அயோடின் மருந்து ஊசி வழியாக வேகமாக, விநாடிக்கு 5 மில்லி அளவில் உள்ளே போகும். உடம்பெல்லாம் திடீரென்று சூடு பரவும். சிறுநீர் போய்விட்டதோ என்று தோன்றும். அரை நிமிடத்தில் அடங்கிவிடும். இதை முன்பே சொல்லவில்லை என்றால் மனிதர் பயந்துபோவார், பயந்தால் துடிப்பு எகிறும், மிகச் சரியாக அந்த நொடியில்தான் மெஷின் படம் எடுக்கிறது. மாத்திரை கொடுத்து 60க்குக் கொண்டுவந்த துடிப்பு இந்தப் பயத்தில் 75க்குப் போனதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். எங்கள் மையத்தில் டெக்னீஷியன் நோயாளியின் தோளில் கைவைத்து, ‘இப்ப சூடா இருக்கும் ஐயா, அது நாங்க குடுக்குற மருந்து, பயப்படாதீங்க’ என்று சொல்லிவிட்டுத்தான் கதவை மூடுவார். நீங்களும் அப்பாவிடம் இப்போதே சொல்லி வையுங்கள். சிறுநீரகம் எப்படி வேலை செய்கிறது என்று காட்டும் கிரியேட்டினின் ரத்தப் பரிசோதனை முடிவைக் கையோடு எடுத்துப்போங்கள். சர்க்கரைக்கு மெட்ஃபார்மின் சாப்பிடுகிறார் என்றால் சொல்லுங்கள்.

அப்புறம், குழாயை விரித்துக் காட்ட நாக்குக்கு அடியில் ஒரு நைட்ரேட் மாத்திரையோ ஸ்பிரேயோ கொடுப்பார்கள். ஆண்மைக்காகச் சாப்பிடும் சில்டெனாஃபில், டடாலாஃபில் வகை மாத்திரை உடம்பில் இருக்கும்போது அதைக் கொடுத்தால் ரத்த அழுத்தம் ஆபத்தாகச் சரியும். மகள் பக்கத்தில் நிற்கும்போது எந்த அப்பாவும் அதைச் சொல்லமாட்டார். அதனால் கேள்வி கேட்கிற நேரத்தில் ஐந்து நிமிடம் நீங்கள் வெளியே போய் நில்லுங்கள்.

துடிப்பு எவ்வளவு முயன்றும் 70க்குக் கீழே வரவில்லை என்றால், ‘டோஸ் கொஞ்சம் கூடினால் பரவாயில்லை, சுருங்கும் கட்டத்தையும் சேர்த்து எடுங்கள்’ என்று நீங்களே சொல்லலாம். வேகமாகத் துடிக்கும் இதயத்தில் சுருக்கத்தின் முடிவில் வருகிற சின்ன நிறுத்தம்தான் பெரும்பாலும் கைகொடுக்கும். கதிரைக் கூட்டச் சொல்வது உங்களுக்கு விசித்திரமாகப் படலாம். மூன்றாவது ஸ்கேனைத் தவிர்க்க அதுதான் வழி. அல்லது இன்னொரு நாள் மருந்தோடு வருகிறோம் என்று எழுந்து வந்துவிடுங்கள். கதிர் போகும் முன் நிறுத்துவதில் யாருக்கும் நஷ்டமில்லை.

ஈய அங்கியைப் பற்றி: போடாதது சரிதான். சி.டி.யில் ஸ்கேன் பகுதிக்கு வெளியே போகிற கதிரின் பெரும்பகுதி உடம்புக்குள்ளேயே சிதறிப் போவது, மேலே போர்த்தினால் நிற்காது. அங்கி ஸ்கேன் பகுதிக்குள் வந்துவிட்டாலோ, மெஷின் அதைத் தடித்த உடம்பு என்று நினைத்து டோஸைக் கூட்டிவிடக்கூடும்.

இன்னொரு விஷயம் எழுதியே ஆக வேண்டும் என்று தோன்றுகிறது. இந்தியாவின் முதல் வெற்றிகரமான பைபாஸ் அறுவையை டாக்டர் கே.எம். செரியன் 1975இல் செய்தது நம் பெரம்பூர் ரயில்வே மருத்துவமனையில்தான். அப்போது சி.டி. மெஷின் கண்டுபிடித்து நான்கு வருடம்தான் ஆகியிருந்தது, தலைக்குள் ஒரு துண்டுப் படம் எடுக்கவே நிமிடக்கணக்கில் ஆகும். துடிக்கிற இதயத்தை அதில் பார்ப்பதை நினைத்தே பார்த்திருக்க முடியாது. இன்று நெஞ்சைத் திறக்காமல், மணிக்கட்டில் துளை போடாமல், உங்கள் தெருவிலிருந்து ஆட்டோவில் போய் அதைப் பார்த்துவிட்டு வர முடிகிறது. அப்பா பயப்படும்போது இதையும் சொல்லுங்கள்.

கடைசியாக உங்கள் பாதி விலை ஸ்கேன். வேண்டாம். இவ்வளவு நேரம் அப்பாவுக்கு ஸ்கேன் எடுக்கச் சொன்ன அதே வாயால்தான் இதைச் சொல்கிறேன். அவருக்கு அறிகுறி இருக்கிறது, தீர்க்க வேண்டிய ஒரு கேள்வி இருக்கிறது. உங்களுக்குக் கேள்வியே இல்லை. 34 வயதுப் பெண்ணின் மார்பகத் திசு முழுவதும் அந்தக் கதிரின் பாதையில் வரும். உங்கள் வயதில் விளைவு தலைகாட்டப் பல பத்தாண்டுகள் மிச்சமிருக்கின்றன. பலனோ அநேகமாக ‘இயல்பு’ என்ற ஒரு வார்த்தை. கால்சியம் ஸ்கோர் மட்டும் எடுக்கலாமே என்பார்கள். உங்கள் வயதில் அது பெரும்பாலும் பூஜ்யம் என்றுதான் வரும். குடும்பத்தில் இருக்கிறதே என்று பயமுறுத்தினால், தந்தை அல்லது அண்ணன் தம்பிக்கு 55 வயதுக்கு முன்பும், தாய் அல்லது அக்கா தங்கைக்கு 65 வயதுக்கு முன்பும் இதய நோய் வந்திருந்தால்தான் அதைக் குடும்ப வரலாறாக எண்ணுவோம் என்று சொல்லுங்கள். அப்பாவுக்கு 58.

அந்தப் பாதி விலையில் ஒரு சின்ன பங்கைச் செலவழித்து, சர்க்கரையும் கொழுப்பு அளவும் பாருங்கள், பி.பி.யும் ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள். அப்பாவின் ஸ்கேன் முடிந்ததும் புது ரிப்போர்ட்டின் கடைசிப் பக்கத்தை எனக்கு அனுப்புங்கள். துடிப்பு எவ்வளவுக்கு வந்தது என்று பார்க்க ஆசையாக இருக்கிறது.